பெங்குயினுக்கு வெச்ச பொட்டு

ஏன்டி, உனக்கு வேற வேலையே இல்லியா? லீவுக்கு வந்தவ கடலப் பாரு, மீனத் தின்னு, தூங்கு. உங்க மாமா கம்ப்யூட்டர்ல ஏன் பொட்டு இருக்குன்னு உனக்கு எதுக்கு? அதுவும் ஓரத்துல வெக்காம நடுக் கண்ணாடியில ஏன் வெச்சிருக்குன்னு கேக்குற! தெரிஞ்சிக்கினு என்னா பண்ணப் போற, பரீட்சையில எழுதப் போறியா? போயி உங்க அத்தைய கேளு. ம்ஹூம், அவ சொல்ல மாட்டா, புருஷன் மானம். உங்க மாமாவ கேட்டா சொல்லுவாரு, ஆனா இங்கிலீஷ்ல சொல்லுவாரு. இங்கிலீஷ்ல சொன்னா அவுரு தப்பு பண்ண மாதிரியே இருக்காது.

சரி, உக்காரு. அந்த மொச்சைய உரிச்சிக்கினே கேளு. சும்மா வாயப் பாத்துக்கினு இருக்கிறவங்களுக்கு நான் கத சொல்றதில்ல.

நான் படிச்சது மூணாங்கிளாசு. அதுலயும் பாதி நாளு போவல. அதனால மிஷினப் பத்தி நான் சொல்றதுல எதுனா கோணலா இருந்தா உங்க மாமாகிட்ட கேட்டு நிமித்திக்க. நடந்தத மட்டும் நிமித்த வேணாம். நான் பக்கத்துலயே தான் நின்னுக்கினு இருந்தேன்.

உங்க அத்தையப் பொண்ணு பாக்க வந்தப்ப மாப்ளையோட பெரியப்பா ஒருத்தரு கேசரியத் தின்னுக்கினே சொன்னாரு, "எங்க புள்ள கம்ப்யூட்டருக்கே வேல குடுக்குறவன்"ன்னு. எல்லா வேலையும் கம்ப்யூட்டருக்கு குடுத்துட்டா இவுரு என்னா பண்ணுவாருன்னு எனக்கு அப்பவே நாக்கு நுனியில நின்னுச்சி. சம்பந்தி ஆவப் போறவங்கன்னு முழுங்கிட்டேன். கல்யாணம் முடிஞ்சி அவுரு கடலூருல நம்ம திருப்பாப்புலியூர் வூட்டுக்கு பொட்டி படுக்கையோட வந்து எறங்கினப்ப தான் பதிலு தெரிஞ்சிது. பெங்களூரு கம்பெனி, ஆனா வேல நம்ம வூட்டு நடு ரூம்ல. வூட்டோட மாப்ளன்னு ஊரு சொல்லிடக் கூடாதுன்னு வர்ற போற ஆளுங்ககிட்ட எல்லாம் "ஒர்க் ஃப்ரம் ஹோம், ஒர்க் ஃப்ரம் ஹோம்"ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. ரெண்டும் ஒண்ணு தான். ஒண்ணு தமிழு, ஒண்ணு இங்கிலீஷு.

அவுரு இங்க இருக்கிறதுக்குக் காரணம் எம்பொண்ணு, உங்க அத்த தான். அவளுக்கு சிதம்பரத்துல டீச்சர் வேல. பரீட்ச மேல பரீட்ச எழுதி, கோயிலு கோயிலா சுத்தி வாங்குன வேல. காலையில திருப்பாப்புலியூர் டேசன்ல ட்ரெயின் ஏறுனா சாயங்காலம் வந்துடுவா. அவ பள்ளிக்கூடத்துல கத்திட்டு வரட்டும், இவுரு வூட்ல தட்டிக்கினு இருக்கட்டும்னு நல்லா தான் ஓடிக்கினு இருந்துச்சி.

இப்ப ஒரு விசயம் நல்லா மனசுல வாங்கிக்க. நான் உங்க மாமாகிட்ட மூஞ்சிக்கு நேரா பேச மாட்டேன். எங்க காலத்துல மாமியாக்காரி மாப்ள எதிர்ல நிக்கவே மாட்டா. இப்ப யாரும் அதெல்லாம் பாக்குறதில்ல, இருந்தாலும் எனக்கு பழக்கம் வுடல. எதுனா சொல்லணும்னா செவுத்தப் பாத்து சொல்லுவேன், பூனையப் பாத்து சொல்லுவேன். கம்ப்யூட்டர் வந்ததுலேர்ந்து கம்ப்யூட்டரப் பாத்து சொல்றேன். அதுல ஒரு சௌகரியம் இருக்குடி. மாப்ளயத் திட்டுனா மரியாத கொறைவு. கம்ப்யூட்டரத் திட்டுனா யாரு கேப்பா?

ஆயுத பூச வர்றதுக்கு கொஞ்ச நாளு முன்னாடி, மத்தியானம் சோறு தின்னுட்டு எழுந்தாரு, பெங்களூர்லேர்ந்து போன் வந்துச்சி. பேசிட்டு வெச்சவரு மூஞ்சி ஊறப்போட்ட துணி மாதிரி ஆயிடிச்சி. சாயங்காலம் அவ வந்ததும் அவகிட்ட சொன்னாரு. நான் அடுப்பங்கரையில தான் இருந்தேன், காது மட்டும் வெளிய இருந்துச்சி. வூட்லேர்ந்து வேல பாக்குறவங்க எல்லாம் ரெண்டு ஸ்கிரீன் வெச்சிக்கணுமாம். ஒண்ணுல பாத்துக்கினே இருக்கணும், இன்னொன்னுல எழுதிக்கினே இருக்கணும். பூச லீவு முடிஞ்சி ஆபீஸ் தொறக்குற அன்னிக்கு மேசைய போன்ல காட்டணும். ரெண்டும் ஓடுச்சின்னா இங்கயே இருக்கலாம். ஓடலன்னா மூட்டைய கட்டிக்கினு பெங்களூரு வந்து உக்காரணும்.

எம்பொண்ணு கையில இருந்த டம்ளர கீழ வெச்சிட்டா. அவுரு போனா இவ டீச்சர் வேலைய வுட்டுட்டு பின்னாடி போவணும். இல்ல, இவ இங்க அவுரு அங்க. கல்யாணம் ஆயி வருசம் திரும்பல.

"இதுக்கு எதுக்கு பயப்படுற? ஒரு மானிட்டர் வாங்கி சொருவுனா முடிஞ்சிது"ன்னாரு உங்க மாமா.

முடிஞ்சிது! அந்த வார்த்தைய நான் முந்தானையில முடிஞ்சி வெச்சிக்கினேன்.

ஞாயித்துக்கெழம மூணு பேரும் சிதம்பரம் போனோம். எனக்கு கோயிலு, அவளுக்கு கடத்தெரு, அவுருக்கு அந்தப் பொட்டி. அவ கூட வேல பாக்குற டீச்சருக்கு தெரிஞ்ச கட ஒண்ணு அங்க இருக்கு, அதுக்குத் தான் அவ்ளோ தூரம். வாங்குனாரு. நல்ல பெரிய பொட்டி. திரும்பி வரப்ப ட்ரெயின்ல கூட்டம். ஒரு எடம் தான் கெடச்சிது. மாப்ள என்னா பண்ணாருன்ற? பொட்டிய அந்த சீட்டுல உக்கார வெச்சிட்டு பக்கத்துல கைய குடுத்து புடிச்சிக்கினாரு. நான் கதவாண்ட நிக்கிறேன். பரங்கிப்பேட்டைக்காரி ஒருத்தி மீன் கூடையோட நின்னுக்கினு இருந்தா. "ஏம்மா, அது என்னா, டிவியா?"ன்னா. "இல்லம்மா, எங்க சம்பந்தி வூட்டு மூத்தவரு. உக்காந்து தான் வருவாரு"ன்னேன். எம்பொண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா. மாப்ளைக்கு கேட்டுச்சி, காது மடல் செவந்துச்சி. ஆனா பொட்டிய எறக்கல.

கடலூரு வர்ற வரைக்கும் நின்னேன். இத ஞாபகம் வெச்சிக்க, அப்புறம் வேணும்.

வூட்டுக்கு வந்து சொருவுனாரு. லேப்டாப்புல ஒரு படம், புதுப் பொட்டியில ஒரு படம். ரெண்டும் எரியுது. நான் கூட "இவ்ளோ தானா"ன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவுரு தலையில கை வெச்சிக்கினு உக்காந்திருக்காரு.

ஏன்னா அவுரு வேல பாக்குற கம்ப்யூட்டர் அது இல்லியாம்! அதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் இருக்காம். அதுக்கு ஒடம்பு கெடையாது, ஒயரு கெடையாது, ஆனா கம்ப்யூட்டராம். பேரு லினக்ஸு. அதுக்கு அடையாளம் ஒரு பெங்குயினு, தொப்பையும் தொந்தியுமா நம்ம பழைய வார்டு மெம்பர் மாதிரி. அவுரு எம்பொண்ணுக்கு வெளக்குனாரு: "இது ஒரு வூடுன்னு வெச்சிக்க. உள்ள ஒரு போர்ஷன் வாடகைக்கு வுட்டிருக்கு. லினக்ஸ் அந்தப் போர்ஷன்ல குடியிருக்கு. வூட்டுக்கு இப்ப ரெண்டு ஜன்னல் ஆயிடிச்சி. ஆனா போர்ஷன்ல இருக்கிறவனுக்கு இன்னும் ஒரே ஜன்னல் தான். ரெண்டாவது ஜன்னல் இருக்கிறதே அவனுக்குத் தெரியல."

நான் கம்ப்யூட்டரப் பாத்து சொன்னேன், "வூட்டு ஓனரு போயி கதவத் தட்டி சொல்றது தானே?"

"அத்த, அது அப்புடி எல்லாம் கெடையாது"ன்னாரு.

அதுக்கப்புறம் நடந்தத நீ பாத்திருக்கணும். ஒயர மாத்துனாரு. தேரடித் தெருவுல போயி வேற ஒயரு வாங்கியாந்தாரு, அதையும் மாத்துனாரு. போன்ல ஒருத்தன் வீடியோவுல பேசுறான், இவுரு கறுப்பா ஒரு பலகையத் தொறந்து அவன் சொல்றதை எல்லாம் தட்டுறாரு. அது வெள்ள எழுத்துல இவுர என்னமோ திட்டுது. மறுபடியும் தட்டுறாரு. வடநாட்டான் வீடியோ போட்டாரு, வெள்ளக்காரன் வீடியோ போட்டாரு. ஒருத்தன் சொல்றது இன்னொருத்தனுக்கு ஆவல. ஒரு நாளு "ஆயிடிச்சி! ஆயிடிச்சி!"ன்னு கத்துனாரு. ஓடிப் போயி பாத்தோம். அந்த உள் மிஷின் படத்த இழுத்து ரெண்டு ஸ்கிரீன்லயும் நீட்டி வுட்டிருக்காரு. ஒரே வேட்டிய ரெண்டு கொடியில காயப்போட்ட மாதிரி. பெங்குயினு பாதி வயிறு இந்தப் பக்கம், பாதி வயிறு அந்தப் பக்கம், நடுவுல சட்டம்.

"இத ஒத்துக்குவாங்களா மாமா?"ன்னா எம்பொண்ணு. அவ அவுர மாமான்னு தான் கூப்புடுவா.

அவுரு கம்பெனியில கூட வேல பாக்குறவனுக்கு போட்டோ அனுப்பிக் கேட்டாரு. அவன் சிரிக்கிற பொம்ம அனுப்பிட்டான், வேற ஒண்ணும் இல்ல.

"செட்டிங்ஸ்ல எத்தன ஸ்கிரீன்னு கேக்குற எடம் ஒண்ணு இருக்கு. ஆனா அது வெளுத்துப் போயி கெடக்கு, தொட்டா நவுர மாட்டேங்குது. இந்த லேப்டாப்புக்கு அது வராது போலருக்கு"ன்னு அவகிட்ட முனவுனாரு. நான் எட்டிப் பாத்தேன். மத்த எழுத்தெல்லாம் கறுப்பா இருக்கு, அது ஒண்டி சாம்பல் பூத்த மாதிரி. புது லேப்டாப்பு வாங்கணும்ன்றாரு. இல்லன்னா பெங்களூரு தான்ன்றாரு. பெங்களூருல ரூமு எங்க கெடைக்கும்னு ஒரு ஃப்ரெண்டுகிட்ட கேக்கவே ஆரம்பிச்சிட்டாரு. எம்பொண்ணு ராவிக்கி சோறு சரியா துன்றதில்ல. காலையில ட்ரெயினுக்குக் கெளம்புறப்ப தலைமுடி கூட ஏனோ தானோன்னு பின்னிக்கினு ஓடுறா. எனக்கு மாப்ள பெங்களூரு போனா ஒண்ணும் இல்லடி. அவ வேல போச்சின்னா? அவ வாங்குன வேல அது. யாரும் தட்டுல வெச்சி குடுக்கல.

இப்புடி இருக்கிறப்ப தான் ஆயுத பூச வந்துச்சி.

நம்ம வூட்ல எப்புடின்னு உனக்கே தெரியும். அருவாமனையிலேர்ந்து தையல் மிஷின் வரைக்கும் எல்லாத்தையும் கழுவித் தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி சாமி முன்னாடி அடுக்கிடணும். பூச ஆனதுக்கப்புறம் ஒரு மிஷினும் ஓடக் கூடாது. மறுநாளு விஜயதசமிக்கு கற்பூரம் காட்டிட்டு தான் திரும்ப தொடணும். மிக்ஸி கூட கெடையாது. அன்னிக்கு சட்னி வேணும்னா அம்மிக்கல்ல அரச்சிக்க வேண்டியது தான். அம்மிக்கும் பொட்டு வெச்சிட்டா சட்னியே கெடையாது.

மாப்ள லேப்டாப்ப எடுத்துக்கினு வந்தாரு. புதுப் பொட்டியையும் தூக்கியாந்து வெச்சாரு. தொடச்சேன், பொட்டு வெச்சேன். லேப்டாப்ப மூடப் போனாரு. அப்ப தான் எனக்கு அந்த ட்ரெயின் ஞாபகம் வந்துச்சி. கால் முட்டி இன்னும் வலிக்குது. கம்ப்யூட்டரப் பாத்து கேட்டேன், "வூட்டுக்கு பொட்டு வெச்சாச்சி. உள்ள குடியிருக்கிறவருக்கு?"

"என்னாத்த?"

"அந்தத் தொப்பக்காரரு. அவுரும் மிஷின் தான்னீங்களே. அவுருக்கு பூச இல்லியா? அவுரு ஆயுதம் இல்லியா?"

"அது தூங்குது அத்த. அப்புடியே இருக்கட்டும்."

"தூங்குறவருக்கு எப்புடி பூச பண்றது? எழுப்புங்க. பொட்டு வெச்சிட்டு சுத்தமா நிறுத்துங்க."

அவுருக்கு ரோஷம் வந்துடிச்சி. "அத்த, லினக்ஸ எல்லாம் ஆஃப் பண்ண மாட்டோம். அதான் அதோட பெருமையே. நான் இத ஏத்துன நாள்லேர்ந்து ஒரு வாட்டி கூட ஆஃப் பண்ணதே கெடையாது. வேல முடிஞ்சா அப்புடியே ஒறைய வெச்சிடுவேன், மறுநாளு வுட்ட எடத்துலேர்ந்து தொடரும். கம்பெனியில யாரும் என் அளவுக்கு ஓட்டல."

பாத்தியா, பெருமைய! வூட்ல ஒருத்தன் குளிக்காம கெடந்தா நாம வைவோம். இவுரு அதுக்கு மால போடுறாரு.

"அப்ப வருசத்துக்கு ஒரு நாளு கூட அதுக்கு ஓய்வு இல்லியா? நம்ம வூட்டு கிரைண்டருக்கு இருக்கிற மரியாத கூட அதுக்கு இல்லியா?"ன்னேன்.

"அதுல எல்லாம் தொறந்தது தொறந்த மாதிரி இருக்கு அத்த, ஆஃப் பண்ணா திரும்ப ஒவ்வொண்ணா தொறக்கணும்..."

எம்பொண்ணு சுண்டல் கிண்ணத்த டங்குன்னு வெச்சா. "மாமா, எங்கம்மா கேக்குறது ஒரே ஒரு நாளு. நீங்க பெங்களூரு போயிட்டா அந்த மிஷினுக்கு நெதமும் பூச பண்ணிக்கங்க. இன்னிக்கு ஆஃப் பண்ணுங்க."

மாப்ள லேப்டாப்ப மறுபடியும் இழுத்து வெச்சாரு. தொறந்தாரு. எழுப்புனாரு. தொறந்து கெடந்ததை எல்லாம் ஒவ்வொண்ணா மூடுனாரு, சொத்த பிரிச்சிக் குடுக்குறவரு மாதிரி. கடைசியில பெங்குயினு மட்டும் நின்னுச்சி. "பொட்டு எங்க வெப்பீங்க? அதுக்கு தான் ஒடம்பே இல்லியே"ன்னாரு, கொஞ்சம் எகத்தாளமா. நான் வெரல குங்குமத்துல தோச்சி, கண்ணாடி மேல, பெங்குயினு நெத்தியில நச்சுன்னு வெச்சேன்.

"அய்யோ அத்த, ஸ்கிரீனு!"

"நெத்தி அங்க தானே இருக்கு."

அப்புறம் நிறுத்துனாரு. வெள்ள எழுத்து கடகடன்னு ஓடி அடங்கிடிச்சி. கறுப்பு கண்ணாடியில பொட்டு மட்டும் தனியா நின்னுச்சி, ஆளு போனதுக்கப்புறம் செவுத்துல ஒட்ன ஸ்டிக்கர் பொட்டு மாதிரி. கற்பூரம் காட்டுனேன். பொரி கடலையத் தின்னுட்டு படுத்துட்டோம்.

விஜயதசமி அன்னிக்கு காலையில கற்பூரம் ஏத்திட்டு "எடுத்துக்கலாம்"னு செவுத்துகிட்ட சொன்னேன். மாப்ள எடுத்தாரு. ஓட்டலாம்னு போனவரு சும்மா பழக்கத்துல அந்த செட்டிங்ஸ தொறந்தாரு போல. சத்தமே வரல. வழக்கமா தட்டுற சத்தம் கேக்கும், இல்ல பெருமூச்சு கேக்கும். ரெண்டும் இல்ல. நான் எட்டிப் பாத்தேன். அந்த சாம்பல் பூத்த எழுத்து கறுப்பாயிடிச்சி! தொட்டா நவுருது!

ஒண்ணுன்னு இருந்ததை ரெண்டுன்னு மாத்துனாரு. ரெண்டு படம் காட்ட எடம் பத்தாதுன்னு பக்கத்துல இருந்த இன்னொரு கோட்டையும் இழுத்து நீட்டி வுட்டாரு. லினக்ஸ கெளப்புனாரு. ஒரு ஜன்னல் தொறந்துச்சி. இன்னொரு ஜன்னலும் தொறந்துச்சி. ஆனா ரெண்டாவதுல ஒரே இருட்டு. எம்பொண்ணு பல்லு வெளக்குற பிரஷ்ஷோட வந்து நின்னா. மாப்ள லினக்ஸுக்குள்ள போயி எதையோ தேடி ஒரு தட்டு தட்டுனாரு. வந்துடிச்சிடி! இங்க ஒரு பெங்குயினு, அங்க ஒரு பெங்குயினு, முழு வயித்தோட, நடுவுல சட்டம் இல்லாம. ஒரு ஸ்கிரீன்ல எழுதுறாரு, இன்னொன்னுல வேற ஓடுது.

எம்பொண்ணு பிரஷ்ஷ வாயிலேர்ந்து எடுக்காமயே அழுதா. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல, நொர தான் வந்துச்சி.

"என்னா மாமா பண்ணீங்க?"

அவுரு மூக்குக் கண்ணாடிய கழட்டி தொடச்சாரு, மாட்டுனாரு, மறுபடியும் கழட்டுனாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு. உள்ள ஆளு தூங்கிக்கினு இருக்கிறப்ப செவுத்துல புது ஜன்னல் வெக்க வுடாதாம். முழுசா காலி பண்ணா தான் செங்கல்லு வெக்குற கொல்லத்துக்காரன உள்ள வுடுமாம். இவுரு காலி பண்ணவே இல்ல, தூங்கத் தூங்க தான் வெச்சிருந்தாரு. அதான் அந்த எழுத்து வெளுத்துக் கெடந்துச்சி.

"அப்ப இவ்ளோ நாளும் ஆஃப் பண்ணியிருந்தா போதுமா?"ன்னா அவ.

"ஆமா"ன்னாரு. அந்த ஆமா அவுரு தொண்டையிலேர்ந்து எப்புடி வந்துச்சின்ற, தூண்டில்ல மாட்டுன மீனு மாதிரி இழுத்துக்கினு வந்துச்சி.

எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. சத்தியமா நான் ட்ரெயின்ல நிக்க வெச்ச கோவத்துல தான் அவுர ஒரு நாளு நோவடிக்கலாம்னு அத நிறுத்தச் சொன்னேன். அது ஜன்னல் வெக்கும்னு யாரு கண்டா? ஆனா அத நான் ஏன் சொல்லணும்? ரெண்டாவது பெங்குயினுக்கும் குங்குமத்த எடுத்துக்கினு போனேன். இந்த வாட்டி "அய்யோ ஸ்கிரீனு"ன்னு சொல்லல. நாற்காலிய நவுத்தி வழி வுட்டாரு.

ஆபீஸ் தொறந்த அன்னிக்கு போன்ல மேசையக் காட்டுனாரு. நான் கதவுக்கு பின்னாடி. அங்க ஒரு பெரிய ஆளு பேசுறான், தமிழ்க்காரன் தான். "ரெண்டும் ஓடுது, சரி. அது என்னா செவப்பா? ஸ்கிரீன் போயிடிச்சா?" மாப்ள, "இல்ல சார், பூஜை"ன்னாரு. "கண்ணாடி நடுவுலயா?" அப்ப பாத்து மாப்ள எதையோ பெருசா தொறந்துட்டாரு, பெங்குயினு மறைஞ்சி போயி பொட்டு மட்டும் ஒரு கணக்கு கட்டத்து மேல நின்னுச்சி. அந்த ஆளு சிரிச்ச சிரிப்பு கதவு வரைக்கும் கேட்டுச்சி. அப்புறம், "சரி, நீ அங்கயே இரு"ன்னான். அன்னிக்கு சாயங்காலம் எம்பொண்ணு ட்ரெயின்லேர்ந்து எறங்கி மல்லாட்ட, அதான் உங்க ஊரு வேர்க்கடல, வாங்கிக்கினு நிதானமா நடந்து வந்தா. நான் வாசல்லேர்ந்து பாத்தேன். தலையும் ஒழுங்கா பின்னியிருந்தா.

மாப்ள ஊரெல்லாம் "கான்ஃபிகரேஷன் ப்ராப்ளம், சால்வ் பண்ணிட்டேன்"னு சொல்லிக்கினு இருந்தாரு. அக்கம்பக்கத்துல நாலு பொம்பளைங்க கொழாயடியில என்னாண்ட கேட்டாங்க. நான் வுட்டுக் குடுப்பனா? "எங்க மாப்ள தாம்மா பண்ணாரு. பெரிய மூள. ராப்பகலா வீடியோ பாத்து, ஒயரு ஒயரா மாத்தி, கடைசியில அத ஆஃப் பண்ணணும்னு கண்டுபுடிச்சாரே! அது எல்லாராலயும் முடியுமா?"ன்னேன். சிரிக்காம சொன்னேன். அவுங்க தான் சிரிச்சிட்டாங்க.

எதுத்த வூட்டு கிறிஸ்தவ அம்மா மட்டும் சிரிக்கல. ரொம்ப நாளா அவுங்க வூட்டு வைஃபை பொட்டி மக்கர் பண்ணுதாம். பக்கத்துல வந்து மெதுவா கேட்டாங்க, "ஏங்கா, நாங்க பொட்டு வெக்க மாட்டோமே. சிலுவ போட்டா வேல செய்யுமா?"

"எது வேணா போடும்மா"ன்னேன். "ஆஃப் பண்ணிட்டு போடு."